சனிக்கிழமை குவெஸ்ட்டும் ஒன்பதாம் விதியும்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கும்போதே தயாளன் முடிவெடுத்துவிட்டார். ஒரே வாரம். அதற்குள் பெண்டாட்டியைக் கையில் வாள் எடுக்க வைத்துவிட வேண்டும்.

பயப்பட வேண்டாம். வாள் கைப்பேசிக்குள் இருப்பது. 'ஏழு கோட்டை' என்று ஓர் ஆன்லைன் விளையாட்டு. அதில் தயாளன் அறுபத்தோராம் லெவல் மாவீரர். பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் அவர் வெறும் ஷிஃப்ட் சூப்பர்வைசர்தான். டத்தோ கிராமாட் ஃப்ளாட்டில், சொந்த வீட்டில், அதற்கும் இரண்டு படி கீழே. குதிரை, கேடயம், கிரீடம் எல்லாம் அந்த விளையாட்டுக்குள் போனால்தான்.

அவரோடு ஏழு நண்பர்கள் விளையாடினார்கள். எட்டுப் பேர் ஒன்று சேர்ந்த பிறகு அது வெறும் விளையாட்டாக இருக்க முடியுமா? சங்கமானது. 'டத்தோ கிராமாட் வீரர் சங்கம்'. தலைவர் தயாளன். துணைத்தலைவர், செயலாளர், பொருளே இல்லாத சங்கத்துக்கு ஒரு பொருளாளர், அவரைக் கண்காணிக்க இரண்டு உட்கணக்காய்வாளர்கள். பதினொரு விதிகள் கொண்ட சட்டவிதிப் புத்தகம் வேறு. தயாளன் தன் கையாலேயே எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார். ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதில் அவருக்கு நிரந்தர வருத்தம்.

விளையாட்டின் உயிரே குவெஸ்ட்தான் என்பது தயாளன் கட்சி. ஊருக்குள் போனால் யாராவது ஒருவர் ஒரு வேலை சொல்வார். மூலிகை பறித்து வா, காணாமல்போன மோதிரத்தைத் தேடு, பூதத்தை விரட்டு. முடித்துவிட்டு வந்தால் வெகுமதி. ஏழு கோட்டைக்கும் ஏழு வாசல். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பகல் ஒன்று வரைதான் வாசலை நெருங்க விடுவார்கள். ஒரு சங்கத்திலிருந்து மூன்று பேர் போகலாம். மூன்று வருஷத்தில் ஆறு வாசலைத் திறந்துவிட்டார்கள். பாக்கி ஒன்றே ஒன்று. அதைத் திறக்காமல் கண்ணை மூடினால் கட்டை வேகாது என்று தயாளன் நம்பினார்.

இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. ஆபத்தின் பெயர் அப்துல் ஹமீது.

பினாங்கு ரோட்டில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் ஹமீதுதான் சங்கத்தின் துணைத்தலைவர். அடுத்த ஞாயிறு நடக்கவிருந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அவர் ஒரு தீர்மானம் கொடுத்திருந்தார். 'குவெஸ்ட்டுக்காக இந்த விளையாட்டை விளையாடுவது வீண். சங்கம் மொத்தமும் வேறு சண்டை விளையாட்டுக்கு மாற வேண்டும்.' நாலு பேர் ஹமீது பக்கம். நாலு பேர் தயாளன் பக்கம். சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும் என்று ஐந்தாம் விதியில் தயாளனே எழுதித் தொலைத்திருந்தார். குலுக்கலில் அவருக்கு எதுவும் விழுந்த சரித்திரமே கிடையாது.

ஆக, ஓட்டு வேண்டும். கூட்டத்துக்கு முந்தின வாரம் ஆள் சேர்ப்பது நம் சங்கங்களில் புதிய வழக்கமா என்ன?

ரமணி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தயாளன் ஒரு சட்டையைத் தானாகவே எடுத்து மடித்தார். அவள் உடனே உஷாரானாள்.

"என்ன வேணும், சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. ஒரே ஒரு ஓட்டு."

"தேர்தல் வருதா?"

"சங்கத்துக்கு."

"எது? போனுக்குள்ள குதிரை ஓட்டுற சங்கமா?"

"ரமணி, அதை அப்படிச் சொல்லாதே. குவெஸ்ட்டுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. அது ஒரு கடமை. ஒருத்தர் நம்மள நம்பி ஒரு வேலை கொடுக்கிறாங்க. நாம காடு மலையெல்லாம் தாண்டிப் போயி…"

"மூலிகை பறிச்சிட்டு வருவீங்க."

"ஆமா!"

"நான் கருவேப்பிலை கேட்டா மட்டும் காது கேக்காது."

"அதுக்கு எக்ஸ்பி புள்ளி கிடைக்காதே."

"எனக்குக் கிடைக்குதே, பிபி!"

ரமணியிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. லைட் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அவள் இருபது வருஷமாக கிளார்க். அங்கே வக்கீல் வாதாடுவார். என்ன வாதாடலாம் என்பது ரமணி டைப் அடித்துக் கொடுத்த தாளில் இருக்கும். தயாளன் வாதத்தைக் கைவிட்டுக் கெஞ்சலுக்கு இறங்கினார். ஏழாவது வாசலைச் சொன்னார். மூன்று வருஷத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல, மடித்த சட்டையை அவரே கசக்கிவிட்டார்.

ரமணி அந்தச் சட்டையை வாங்கி மறுபடி மடித்தாள்.

"ஓட்டுப் போட நான் என்ன செய்யணும்?"

"பேர் பதிஞ்சு, பத்தாவது லெவல் வரைக்கும் வந்தா போதும். விதி மூணு."

"நான் விளையாடிக்கிட்டு இருந்தா இங்க யாரு சமைக்கிறது?"

"நான்."

"பாத்திரம்?"

"நான்தான்."

"துணி?"

"மெஷின்… சரி, நான்."

"பாசார்?"

தயாளன் சோபாவை ஒரு பார்வை பார்த்தார். வருஷக்கணக்காக ரமணி சனிக்கிழமைதோறும் தனியாக பஸ் ஏறித்தான் காய்கறி, மீன் வாங்கப் பாசாருக்குப் போய்வந்தாள். அந்த நேரத்தில் அவர் சோபாவில் படுத்தபடி குதிரையில் போய்க்கொண்டிருப்பார்.

"ஒரு வாரம்தானே லா. நானே போறேன்."

"அப்ப அந்த சட்டவிதிப் புத்தகத்தைக் குடுங்க. படிக்காம நான் எதுலயும் சேர மாட்டேன்."

தயாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வாசகி! உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

"ஒரு ஓட்டு போதுமா?" என்றாள் ரமணி, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. "பக்கத்து வீட்டு ஞானாம்பிகை அக்காவையும் சேர்க்கட்டுமா? ரிட்டையர் ஆனதுலேருந்து நேரம் போகலைங்கிறாங்க. அப்புறம் நம்ம நூருல்."

"எந்த நூருல்?"

"ஹமீது தம்பியோட நூருல்தான்."

தயாளனுக்குத் தலைகால் புரியவில்லை. எதிரியின் பெண்டாட்டி! எதிரியின் வீட்டுக்குள்ளேயே தன் ஓட்டு! இப்படி ஒரு தந்திரம் தனக்கே தோன்றியதாகப் பத்து நிமிஷத்தில் அவர் நம்ப ஆரம்பித்துவிட்டார். குளியலறையில் பாட்டு வந்தது.

திங்கட்கிழமை ஃபேக்டரி விட்டு வந்ததும் சமையலறையில் இறங்கினார். சாம்பார் வைத்தார். அது சாம்பார்தான் என்பதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ரமணி சாப்பிட்டபடியே விளையாடினாள்.

"எத்தனாவது லெவல்?"

"ரெண்டு."

"ரெண்டா? மூணு மணி நேரமா என்ன பண்ணே?"

"ஒரு அம்மா ஆட்டைக் காணோம்னு அழுதாங்க. தேடிக் குடுத்தேன். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூரை ஒழுகுது. ஓலை கொண்டுபோய்க் குடுத்தேன். ஒரு சின்னப் பொண்ணுக்குப் பட்டம் மரத்துல மாட்டிக்கிச்சு."

தயாளன் தலையில் அடித்துக்கொண்டார். "ரமணி, அதெல்லாம் சில்லறை குவெஸ்ட். புள்ளியே வராது. நாங்க யாரும் அந்தப் பக்கமே போறதில்ல. பேசாம பூதத்தை அடி. ஒரு பூதம், ஒரு லெவல்!"

"பூதம் என்ன பாவம் பண்ணுச்சு? அது பாட்டுக்கு தூங்குது."

செவ்வாய்க்கிழமை மூன்றாவது லெவல். அவர் மீன் கழுவினார். மீனுக்கு இத்தனை செதில் எதற்கு என்று முதல்முறையாக யோசித்தார். புதன்கிழமை நூருலும் ஞானாம்பிகை அக்காவும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, தலை நிமிராமல் விளையாடினார்கள். தயாளன் தே ஆற்றிக் கொடுத்தார்.

"தம்பி, இந்தக் கொல்லர் என்னட்ட கரி கேக்கிறார்," என்றார் ஞானாம்பிகை அக்கா. முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர். ஒவ்வொரு குவெஸ்ட்டையும் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தார். "குடுக்கட்டோ?"

"வேணாங்க்கா! பூதம், பூதம்!"

"அவர் அடுப்பு அணையப் போகுதாம். பாவமெல்லோ?"

கரி கொடுக்கப்பட்டது. லெவல் ஏறவில்லை. தயாளன் சமையலறைக்குத் திரும்பி, கோபத்தைத் தேங்காய்த் துருவலில் காட்டினார்.

வியாழக்கிழமை அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ரமணி போனோடு அருகில் வந்து நின்றாள்.

"உண்மையைச் சொல்லட்டுமா? இந்த குவெஸ்ட் நல்லாத்தாங்க இருக்கு."

"பார்த்தியா! நான் அப்பவே சொன்னேன்!"

"நீங்க சொன்னதுக்காக இல்ல. வேலையை முடிச்சதும் தங்க எழுத்துல 'மிக்க நன்றி'ன்னு வருது பாருங்க. அந்த ஆட்டுக்கார அம்மா எழுந்து நின்னு கும்பிட்டாங்க. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை சட்டி சோறு ஆக்கியிருப்பேன். இந்த வீட்டுல எப்பவாவது அப்படி ஒரு எழுத்து வந்திருக்கா?"

சண்டைக்குச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதனாலேயே தயாளனுக்கு எங்கேயோ சுருக்கென்றது. நாலு நாளாக அவரும் ஆக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர்களைப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று இப்போது அவருக்கே தெரிந்திருந்தது. வெட்கமாக இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் முணுமுணுத்தார்.

"நன்றி."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி சத்தம்."

ரமணி போகும்போது அவர் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பாத்திரமெல்லாம் பளபளவென்று இருந்தது.

சனிக்கிழமை. ஏழாவது வாசலை நெருங்க விடும் நேரத்தில் மாவீரர் தயாளன் பாசாரில் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ரமணி எட்டாவது லெவல். மனம் பதறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் இட்லி ஊற்றி, ஊட்டாத குறையாகத் தட்டை நீட்டினார். மதியம் இரண்டு மணிக்கு ரமணி "பத்து!" என்றாள். கால் மணி நேரத்தில் நூருல். அப்புறம் ஞானாம்பிகை அக்கா. தயாளன் ஏப்ரனோடு கூடத்தில் ஒரு சுற்று ஆடினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, வழக்கமான நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் மூன்று மேசையை ஒட்டிப் போட்டு ஆண்டுப் பொதுக்கூட்டம் தொடங்கியது. செயலாளர் பேனா கொண்டுவரவில்லை. கூட்டக் குறிப்பு எழுத ஞானாம்பிகை அக்கா தானாகவே முன்வந்தார். சுவர் பக்கம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நூருல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். ஹமீது, மனைவி தே குடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஹமீது எழுந்து பேசினார். "அண்ணே, தப்பா எடுக்காதீங்க. குவெஸ்ட்டுங்கிறது போஸ்ட்மேன் வேலை. இவர் குடுக்கிறதை அவர்ட்ட குடு, அவர் குடுக்கிறதை இவர்ட்ட குடு. இதுக்கா போன் வாங்கினோம்? அடிச்சோமா, ஜெயிச்சோமா, போனோமா. அதுதான் விளையாட்டு!"

தயாளன் எழுந்தார். சமைத்துக்கொண்டே வாரம் முழுக்க ஒத்திகை பார்த்த உரை. "சகோதரர்களே! சகோதரிகளே! அடிக்கிறது யாராலும் முடியும். ஒருத்தருக்கு உதவப் போறதுதான் வீரம். குவெஸ்ட் செய்யாதவன் வீரனே இல்ல. யாரு அதிகமா குவெஸ்ட் செய்யிறாங்களோ அவங்களுக்குத்தான் இந்தச் சங்கத்துல முதல் மரியாதை!"

ரமணிதான் முதலில் கை தட்டினாள். தயாளனுக்கு நெஞ்சு விம்மியது.

ஓட்டெடுப்பு. தீர்மானத்துக்கு ஆதரவாக நாலு கை. எதிராக ஏழு கை. ஏழாவது கையில் கண்ணாடி வளையல் குலுங்கியது.

"நூரு! நீ எப்ப சேர்ந்தே?"

"திங்கக்கிழமை."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"வாரம் பூரா சோத்தை நீங்களே சூடு பண்ணிச் சாப்பிட்டீங்களே. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஹமீது உட்கார்ந்துவிட்டார். தயாளன் எல்லாருக்கும் இன்னொரு தே தாரேக் சொன்னார். ஹமீதின் முதுகில் பெருந்தன்மையோடு தட்டிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை, ஏழாவது வாசல்! குதிரைக்குக் கொள்ளு வைக்காததுதான் பாக்கி.

"அடுத்து, இதர விஷயங்கள்," என்று வாசித்தார் ஞானாம்பிகை அக்கா.

"இதர விஷயம் ஒண்ணும் இல்லக்கா. கூட்டத்தை முடிச்சிக்கலாம்."

"இருக்குங்க," என்றாள் ரமணி. பையிலிருந்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட புத்தகம் வெளியே வந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள். "விதி ஒன்பது. 'ஒவ்வொரு ஞாயிறும் கணக்கெடுத்து, அந்த வாரம் அதிக எண்ணிக்கையில் குவெஸ்ட் முடித்த மூவரே அடுத்த சனிக்கிழமை வாசலுக்குச் செல்வர்.' நீங்க எழுதினதுதானே?"

தயாளன் எழுதினதுதான். குவெஸ்ட் பக்கமே வராத ஹமீது ஆட்கள் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்று எழுதினது. எழுதிய அன்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டதும் நினைவிருந்தது.

ஞானாம்பிகை அக்கா நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். "ரமணி, நூற்றுப் பன்னிரண்டு. நூருல், தொண்ணூற்றேழு. நான், எண்பத்தெட்டு." விளையாட்டிலிருந்த சங்கப் பட்டியலைப் பார்த்து எழுதிய அடுத்த தாளைத் திருப்பினார். "மற்ற ஆக்கள் ஒருத்தரும் இருபது தாண்டேல்ல. ஹமீது தம்பி, ஆறு. தயாளன் தம்பி…" கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார். "நாலு."

"அதெல்லாம் ஆடு தேடினது! பட்டம் எடுத்தது!"

"பெரிசா சின்னதான்னு விதியில ஒண்ணும் இல்லையே," என்றாள் ரமணி. "எண்ணிக்கைன்னுதான் இருக்கு."

"நான் ஏன் நாலுதான் செஞ்சேன்? வாரம் முழுக்க சமைச்சேன், துவைச்சேன், பாசாருக்குப் போனேன்!"

"அது ரொம்பப் பெரிய உதவிங்க. சங்கம் மறக்காது. குறிப்புல எழுதிக்கோங்க அக்கா, நன்றின்னு."

"எழுதிட்டன்."

தயாளன் கடைசி அம்பை எடுத்தார். "அப்ப விதியைத் திருத்தணும். இப்பவே திருத்தணும்!"

"விதி பதினொண்ணு. பதினாலு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுத்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்துலதான் திருத்தலாம்." ரமணி புத்தகத்தை மூடினாள். "அடுத்த கூட்டம் அடுத்த வருஷம்."

"எல்லாத்தையும் எப்ப படிச்சே?"

"திங்கக்கிழமை. நீங்க சாம்பார்னு சொன்னீங்களே, அது ஆகுறதுக்குள்ள."

அதுவரை தலையைத் தொங்கப் போட்டிருந்த ஹமீது முதலில் சிரித்தார். அப்புறம் அவருடைய மூன்று பேர். அப்புறம் தயாளனுடைய மூன்று பேரும். தே ஆற்றுகிற இப்ராஹிம்கூட சிரித்தார். அவர் சங்கத்திலேயே இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி. ரமணியும் நூருலும் ஞானாம்பிகை அக்காவும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் அவர்கள் வாளை உருவவே இல்லை. ஏழாவது வாசலின் காவல்காரன் சண்டைக்கு வருகிறவனே இல்லை, கேள்வி கேட்கிறவனாம். ஊரில் செருப்புத் தைக்கிறவர் மகளுக்கு எப்போது கல்யாணம்? கிணற்றடி வீட்டில் இருப்பவருக்கு எந்தக் கால் வலி? இத்தனை நாளும் தயாளன் அவனைக் கேள்வியை முடிக்க விடாமல் வெட்டி, வெட்டி, தோற்றுத் திரும்பியிருந்தார். இவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னதோடு நில்லாமல், காவல்காரன் குடும்பத்தையும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

தயாளன் சமையலறையில் வெங்காயக் கூடையோடு நின்றார். பாசாருக்குப் போய்வந்தாகிவிட்டது. ஒரு வாரம் என்று பேசியதை நினைவுபடுத்தலாம்தான். ஆனால் காலையில் ரமணி, "நேத்து உங்க ரசம் நல்லா இருந்துச்சுங்க, நன்றி," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். தங்க எழுத்தில் இல்லை. ஆனாலும் மனுஷன் கூடையைத் தானே தூக்கிக்கொண்டார்.

கதவு தட்டும் சத்தம். ஹமீது. கையில் இரண்டு கிலோ மீன்.

"நூரு இங்க வரச் சொன்னா அண்ணே. ஒரு மணிக்கு எல்லாருக்கும் பசிக்குமாம்." ஹமீது கூடத்தை எட்டிப் பார்த்தார். தலை குனிந்து சமையலறைக்குள் வந்தார். "எனக்கு ஒரு கத்தி குடுங்க."

துணைத்தலைவருக்குத் தலைவர் கத்தி கொடுத்தார்.

"நீ எந்த லெவல் ஹமீது?"

"அம்பத்தி நாலு அண்ணே. நீங்க?"

"அறுபத்தொண்ணு."

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெங்காயம்தான் காரணம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கூடத்தில் திடீரென்று ஒரே ஆரவாரம். மேளம் முழங்கியது. நூருல் கை தட்டினாள். ஞானாம்பிகை அக்கா நேரத்தை உரக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டார். ஏழாவது வாசல் திறந்துவிட்டது!

தயாளன் கத்தியைப் போட்டுவிட்டுச் சமையலறை வாசல் வரை ஓடினார். "ரமணி! உள்ள என்ன இருக்கு? ஒரே ஒரு தடவை காட்டேன்! மூணு வருஷம் ரமணி! பொன்னா? சிங்காசனமா? ஹமீது, வா, வா, திறந்துட்டாங்க! என்ன இருக்கும்னு நினைக்கிறே?"

ரமணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னங்க, பேச்சுச் சத்தம்தான் கேக்குது. கத்திச் சத்தத்தைக் காணோமே?"